சதி இருட்டில் நடக்கவில்லை: செம்பியன் மாதேவியும் இசபெல்லாவும்

ஓசூரிலிருந்து பேருந்தில் ஒரு மணி நேரம். தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒரே டீக்கடையில் புழங்குகிற ஊர். அங்கே சிவன் கோயிலுக்குத் திருப்பணி நடக்கிறது. நுழைவாயிலில் பெரிய பிளெக்ஸ் ஒன்று. 'பொன்னியின் செல்வன்' படத்தில் ஜெயசித்ரா நடித்த செம்பியன் மாதேவியின் படத்தைப் போட்டு, "சிவத்தொண்டில் சிறந்த சோழப் பேரரசியின் வழியில்" என்று எழுதியிருக்கிறார்கள். கீழே திருப்பணிக் குழுவினரின் முகங்கள், 16 பேர். சேரியிலிருந்து ஒருவரும் இல்லை.

முகம் இல்லாததைக்கூட விட்டுவிடலாம். சேரியில் 43 தலைக்கட்டு. தலைக்கட்டுக்கு 500 ரூபாய் வீதம் திரட்டிக்கொண்டு பெரியவர்கள் நான்கு பேர் குழுவைப் பார்க்கப் போனார்கள். பணத்தை வாங்கவில்லை. "உங்க மனசு போதும்பா, காசெல்லாம் எதுக்கு" என்று சிரித்துக்கொண்டே அனுப்பிவிட்டார்கள். கிராமத்தில் வாழ்ந்தவர்களுக்கு இதன் பொருள் தெரியும். வரி வாங்கினால் பங்கு வந்துவிடும். பங்கு வந்தால் மரியாதை வரும், தேர் தங்கள் தெருவுக்கும் வரவேண்டும் என்று கேட்பார்கள். அதனால் வாங்குவதில்லை.

செம்பியன் மாதேவிக்கும் அந்த ஊருக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. அவர் எடுத்த கற்கோயில்கள் காவிரிப் படுகையிலும் விருத்தாசலம் பக்கத்திலும் இருப்பவை. நம் வட்டாரம் அப்போது சோழருடையதே அல்ல. கங்கபாடியையும் நுளம்பபாடியையும் பிடித்ததாக ராஜராஜனின் மெய்க்கீர்த்திதான் சொல்கிறது. ஆனாலும் அந்த அம்மா இங்கே பிளெக்ஸில் வந்து நிற்கிறார். அவரை இங்கே கொண்டுவந்தது ஒரு நாவலும் இரண்டு சினிமாவும். அந்தக் கதை அவரை என்னவாக மாற்றியது, மாற்றும்போது எதை மறைத்தது என்பதைத்தான் இங்கே பேசப் போகிறோம்.

சிப்காட் பக்கம் ஒரு வாடகை அறையில் ஞாயிறு மாலைகளில் நாங்கள் சிலர் கூடி வாசிக்கிறோம். பெரும்பாலும் ஒப்பந்தத் தொழிலாளர்கள். ஷிப்ட் மாறினால் ஆள் மாறும். படம் வந்த பிறகு கல்கியின் நாவலை எடுத்துக்கொண்டோம். ஐந்து பாகம் முடிக்க ஏழு மாதம் ஆனது. நன்றாக ரசித்தோம், அதை மறைக்க வேண்டியதில்லை. வந்தியத்தேவன் வாயைத் திறந்தாலே அறையில் சிரிப்புதான்.

ஒருநாள் தென்காசிப் பக்கத்துத் தம்பி ஒருவன் படித்துக்கொண்டிருந்தவன் சட்டென்று நிறுத்தினான். "அண்ணே, சோமன் சாம்பவன்னு போட்டிருக்கு. சாம்பவன்னா நம்ம ஆளுல்லா?"

தெற்கே சாம்பவர் என்பது பட்டியல் சாதி ஒன்றின் பெயர். நாவலில் சோமன் சாம்பவன், ஆதித்த கரிகாலனைக் கொல்லத் திட்டமிடும் பாண்டிய ஆபத்துதவிகளில் ஒருவன். காட்டிலும் பள்ளிப்படையிலும் நள்ளிரவில் கூடுகிற ரகசியக் கூட்டம் அது. ஆந்தைக் குரல் கொடுத்துப் பேசிக்கொள்வார்கள். சாம்பவன் என்பதற்குச் சம்புவை வழிபடுகிறவன் என்றும் பொருள் கொள்ளலாம். கல்கி சாதியை நினைத்துத்தான் அப்படி எழுதினார் என்று நாங்கள் சொல்ல மாட்டோம். ஆனால் அந்தத் தம்பி கேட்டது வேறு. கொலைகாரனின் பெயர் தன் தெருவின் பெயராக ஒலிக்கிறதே, உண்மையில் கொன்றது யார் என்பதே அவன் கேள்வி.

அதற்கு ஒரு கல்வெட்டு இருக்கிறது. அதைப் பார்ப்பதற்கு முன் ராணியைப் பார்த்துவிடுவோம்.

செம்பியன் மாதேவி மழவரையர் குலத்துப் பெண். கண்டராதித்த சோழரின் மனைவி. கண்டராதித்தர் தில்லை நடராசர் மீது திருவிசைப்பா பாடியவர், அது ஒன்பதாம் திருமுறையில் இருக்கிறது. 957 வாக்கில் அவர் இறந்தபோது மகன் சிறு பிள்ளை. அரியணை தம்பி அரிஞ்சயனுக்கும், பிறகு அவருடைய மகன் சுந்தர சோழருக்கும் போனது. கணவன் இறந்தபின் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்து, ராஜராஜன் காலத்தில் 1001 வரைக்கும் இந்த அம்மா கோயில் பணி செய்திருக்கிறார். கோனேரிராஜபுரம், ஆடுதுறை, திருக்கோடிக்காவல், விருத்தாசலம், திருவாரூர் அரநெறி என்று செங்கல் தளிகளைக் கல்லில் எடுத்துக் கட்டினார். கோயில் சுவர்களில் ஆடவல்லான் உருவத்துக்கு நிலையான இடம் கிடைத்ததில் இவருக்குப் பெரிய பங்கு உண்டு என்று கலை வரலாற்று அறிஞர்கள் சொல்கிறார்கள். வாஷிங்டனில் ஃப்ரியர் அருங்காட்சியகத்தில் இருக்கும் செப்புத் திருமேனி ஒன்று இவருடைய உருவமாக இருக்கலாம் என்ற கருத்தும் உண்டு.

எழுத்தின் அருமை தெரிந்த பெண் அவர். திருக்கோடிக்காவலில் பழைய கோயிலைப் பிரித்துக் கட்டும்போது அதிலிருந்த பழைய கல்வெட்டுகளைப் புதிய சுவரில் படியெடுத்து வெட்டவைத்தார். கோனேரிராஜபுரத்தில் கணவர் லிங்கத்தை வணங்குவதுபோல ஒரு சிற்பம் இருக்கிறது. திருப்பணியை நடத்திய ஆலத்தூருடையான் சாத்தன் குணபத்தனின் உருவமும் பெயரும்கூட அங்கே இருக்கின்றன. கல் சுமந்தவர்களின் பெயர்தான் இல்லை. நாகப்பட்டினம் பக்கம் அவர் பெயரிலேயே ஒரு சதுர்வேதிமங்கலம், அதாவது பிராமணக் குடியிருப்பு, உருவாக்கப்பட்டது. இன்றும் அந்த ஊரின் பெயர் செம்பியன் மாதேவிதான்.

பக்தியைக் கேலி செய்ய நமக்கு விருப்பம் இல்லை. நம் பாட்டிகளும் பக்தர்கள்தான். ஆனால் ஒரு ராணியின் பக்திக்கு நிலம் வேண்டும், நிலத்தின் விளைச்சல் வேண்டும், விளைவிக்கும் ஆட்கள் வேண்டும். பக்தி என்ற ஒரு சொல்லால் இது அத்தனையையும் மூடிவிட முடியும்.

இனி கல்கி. 'பொன்னியின் செல்வன்' 1950 அக்டோபரில் தொடங்கி 1954 மே வரை 'கல்கி' இதழில் தொடராக வந்தது. அதில் இரண்டு ரகசிய அணிகள். கடம்பூர் மாளிகையில் நள்ளிரவில் கூடிச் சுந்தர சோழருக்குப் பிறகு மதுராந்தகனை அரசனாக்கத் திட்டமிடும் பழுவேட்டரையர், சம்புவரையர் அணி ஒன்று. வீரபாண்டியனின் தலைக்குப் பழி வாங்கத் துடிக்கும் ரவிதாசன் அணி இன்னொன்று. இந்த இரண்டுக்கும் நடுவில் அழுக்கு படாமல் நிற்கிறார் செம்பியன் மாதேவி. "என் மகனுக்கு அரசு வேண்டாம்" என்கிறார். காரணம் கேட்டால், மதுராந்தகன் தன் வயிற்றில் பிறந்தவனே அல்ல என்ற ரகசியம் கடைசியில் வெளிவருகிறது. உண்மை மகன், நந்தவனத்தில் பூத்தொடுத்துச் சிவத்தொண்டு செய்துவந்த சேந்தன் அமுதன். அவனே உத்தம சோழனாக முடிசூடுகிறான்.

கல்வெட்டுகள் இந்த அம்மாவை எப்படி அடையாளம் காட்டுகின்றன தெரியுமா? உத்தம சோழரைத் "திருவயிறு வாய்த்த" பிராட்டியார் என்று. அரசனைப் பெற்றதே அவருடைய பட்டம். அந்த வயிற்றைத்தான் நாவல் இரண்டாகப் பிரிக்கிறது.

எதற்காக? ஆதித்த கரிகாலன் கொலையால் யாருக்கு லாபம் என்று பார்த்தால் முதலில் வருவது உத்தம சோழனின் பெயர். பட்டத்து இளவரசன் செத்தான், உத்தமன் அரசனானான். நீலகண்ட சாஸ்திரி இந்தச் சந்தேகத்தை எழுப்பியிருக்கிறார். சதாசிவப் பண்டாரத்தார் அதை மறுத்திருக்கிறார். வரலாற்றில் வழக்கு இன்னும் முடியவில்லை. நாவலில் முடிந்துவிடுகிறது. ஆசைப்பட்ட மதுராந்தகன் ராணியின் ரத்தம் இல்லை, ராணியின் ரத்தமான அமுதனுக்கு ஆசையே இல்லை, கொலைப்பழி இருட்டில் திரிகிற மந்திரவாதிக் கூட்டத்துக்கு. கதைக்கு இது நல்ல முடிச்சுதான். ஆனால் அதை அவிழ்க்கிறபோது கையில் மிஞ்சுவது பிறப்பு. பூத்தொடுக்கிறவன் அரசனாகிறான் என்று நாங்கள் கைதட்டினோம். அவன் பிறப்பால் அரசன் என்பதால்தான் ஆகிறான் என்பது அடுத்த வாரம்தான் உறைத்தது. படத்தில் மணிரத்னம் இந்தக் குழந்தை மாற்றத்தையே விட்டுவிட்டு மதுராந்தகனுக்கே முடிசூட்டினார். அந்த ஒரு விஷயத்தில் படம் வரலாற்றுக்குப் பக்கத்தில் இருக்கிறது.

இப்போது கல்வெட்டு. கடலூர் மாவட்டம் காட்டுமன்னார்கோயிலை ஒட்டிய உடையார்குடி அனந்தீசுவரர் கோயிலில் இருக்கிறது. ராஜராஜனின் இரண்டாம் ஆட்சியாண்டைச் சேர்ந்ததென்று பெரும்பாலோர் கொள்கிறார்கள். கரிகாலனைக் கொன்ற துரோகிகள் என்று அது பெயர் சொல்கிறது: சோமன், அவன் தம்பி ரவிதாசனான பஞ்சவன் பிரமாதிராஜன், அவன் தம்பி பரமேசுவரனான இருமுடிச்சோழ பிரமாதிராஜன். பிரமாதிராஜன் என்பது பிராமண உயர் அதிகாரிகளுக்கு அரசர் கொடுத்த பட்டம். பஞ்சவன் என்பது பாண்டியனைக் குறிக்கும் சொல். கல்கியின் பாண்டியப் பழிவாங்கல் கதைக்கு அங்கே ஒரு நூல் இருப்பது உண்மை. ஆனால் தம்பியின் பட்டம் இருமுடிச்சோழனுடையது. சோழ அரசாங்கத்துக்குள்ளேயே இருந்தவன் என்று அது காட்டுகிறது.

கல்வெட்டு சொல்லும் தண்டனை இவர்களுடைய, இவர்களுடைய உறவினர்களுடைய சொத்துகளைப் பறித்து விற்பது. தலையை வெட்டியதாக அதில் இல்லை. எந்தக் குற்றம் செய்தாலும் பிராமணனைக் கொல்லக் கூடாது, நாடு கடத்தலாம் என்று மனுஸ்மிருதியின் எட்டாம் அத்தியாயம் சொல்வதை நாம் அறிவோம். பட்டத்து இளவரசனைக் கொன்றதற்குச் சொத்துப் பறிப்பு. அதுவும் கொலை நடந்து பல ஆண்டுகள் கழித்து.

நாவலில் ரவிதாசன் நம் மனதில் மந்திரவாதியாக நிற்கிறான். கல்வெட்டில் அவன் பட்டம் பெற்ற அதிகாரி. அவனுக்கு ஆந்தைக் குரல் தேவையில்லை, அரண்மனையில் வாசல் வழியாகவே போகலாம். தென்காசித் தம்பிக்கு இதைச் சொன்னபோது கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். பிறகு, "அப்ப நம்ம ஆளு இல்லண்ணே" என்றான். அந்தக் குரலில் இருந்த நிம்மதி எங்களைச் சங்கடப்படுத்தியது. ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய ஒரு கொலைக்கு அவன் எதற்காக உள்ளுக்குள் ஜாமீன் தேடிக்கொண்டிருந்தான்?

அன்றைக்கே இன்னொரு தம்பி, இரவு ஷிப்டுக்குப் போகும் முன் போனில் கேம் விளையாடுகிறவன், "இதே கதைதான்ணா இதுலயும்" என்று 'அசாசின்ஸ் கிரீட்' பற்றிச் சொன்னான். அசாசின்கள், டெம்ப்ளர்கள் என்று இரண்டு ரகசியச் சங்கங்கள். உலக வரலாறு முழுக்க இவர்களுடைய சண்டைதானாம். 2016-ல் இது சினிமாவாகவும் வந்தது. கதையின் பழைய காலப் பகுதி நடப்பது 1492 ஸ்பெயினில். ராணி இசபெல்லா அதில் வருகிறார். மதவிசாரணைத் தலைவர் டார்க்கெமாடா டெம்ப்ளர் சங்கத்தின் தலைவன். எல்லாரும் அடித்துக்கொள்வது மனிதனின் சுதந்திர எண்ணத்தையே கட்டிப்போடக்கூடிய ஒரு மாய ஆப்பிளுக்காக.

நிஜ இசபெல்லா 1474-ல் காஸ்டில் நாட்டின் ராணியானவர். மிகுந்த பக்தி. டார்க்கெமாடா அவருடைய பாவமன்னிப்புக் குருவாக இருந்தவர். இசபெல்லாவும் கணவர் ஃபெர்டினாண்டும் கேட்டு, 1478-ல் போப் ஆணை கொடுத்து ஸ்பெயினில் மதவிசாரணை நிறுவப்பட்டது. 1481-ல் செவில் நகரத்தில் முதல் எரிப்பு நடந்தது. 1492 ஜனவரியில் கிரனாடா வீழ்ந்தது. மார்ச் 31 அன்று, யூதர்கள் ஜூலை முடிவதற்குள் மதம் மாற வேண்டும் அல்லது நாட்டைவிட்டுப் போகவேண்டும் என்று ஆணை. கையெழுத்துப் போட்டது இசபெல்லாவும் ஃபெர்டினாண்டும். ஊர் ஊராக அறிவிக்கப்பட்ட ஆணை அது. 1502-ல் காஸ்டிலின் முஸ்லிம்களுக்கும் அதே நிலை வந்தது. இன்றும் இசபெல்லாவைப் புனிதராக்க வேண்டும் என்று கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். 1974-லிருந்து கத்தோலிக்கத் திருச்சபையில் அவருக்கு இறை ஊழியர் என்ற நிலை உண்டு.

மதம் மாறியவர்களுக்கும் விடிவில்லை என்பது நம்மவர்கள் கவனிக்க வேண்டிய இடம். இசபெல்லா பிறப்பதற்கு முன்பே, 1449-ல், டொலேடோ நகரத்தில் ஒரு விதி வந்தது. யூத வம்சத்தில் பிறந்தவர் கிறிஸ்தவராகவே இருந்தாலும் நகரப் பதவிகளுக்கு வரக்கூடாது. ரத்தத் தூய்மை என்று அதற்குப் பெயர் வைத்தார்கள். பின்னர் அந்த விதி திருச்சபைச் சபைகளுக்கும் கல்லூரிகளுக்கும் பரவியது. இனம், கால்வழி என்று பொருள்படும் 'காஸ்டா' என்ற சொல் அந்தத் தீபகற்பத்துச் சொல். போர்த்துகீசியர் இங்கே வந்து நம் சாதியைப் பார்த்து அதே சொல்லைச் சூட்டினார்கள். ஆங்கிலத்தில் 'காஸ்ட்' ஆனது அதுதான். ஒருவேளை இங்கே கண்டது அவர்களுக்கு ஊரை ஞாபகப்படுத்தியிருக்கலாம்.

மாய ஆப்பிள் கதையில் இந்த ஆணை எங்கே இருக்கிறது? பின்னணியில் புகையாக. எரிக்கப்பட்டவர்கள், கப்பலேறியவர்கள் எல்லாரும் கூட்டக் காட்சி. ரகசியச் சங்கம் ஒன்று எல்லாவற்றையும் நடத்தியது என்றால் ராணி கையெழுத்துப் போட்டது பெரிதாகத் தெரியாது. காட்டில் கூடியவர்கள் கொன்றார்கள் என்றால் சதுர்வேதிமங்கலத்துக்கு யார் நிலம் கொடுத்தது, அந்த நிலத்தில் யார் உழுதார்கள் என்று யாரும் கேட்கப் போவதில்லை. அதிகாரத்தை இருட்டுக்குள் கொண்டுபோய் வைத்துவிட்டால் வெளிச்சத்தில் இருப்பவர் எல்லாரும் நல்லவர் ஆகிவிடுகிறார்கள்.

ஆனால் நம் வரலாற்றில் நமக்குச் செய்யப்பட்டது எதுவும் இருட்டில் செய்யப்படவில்லை. செம்பியன் மாதேவியைப் பாட்டி முறையாகக் கொண்ட ராஜராஜன், 1010-ல் முடித்த தஞ்சைப் பெரிய கோயிலின் சுவரில் ஊர் ஊராக நிலக்கணக்கை வெட்டி வைத்தான். எந்த நிலத்துக்கு வரி இல்லை என்ற பட்டியலில் ஊர்நத்தம், குளம், வாய்க்கால், பறைச்சேரி, கம்மாணச்சேரி, ஈழச்சேரி, தீண்டாச்சேரி, சுடுகாடு, பறைச்சுடுகாடு என்று வருகின்றன. உழப் பறையர் இருக்கும் சேரி என்றும் ஓரிடத்தில் வருகிறது. சில தோழர்கள் இதை வைத்து, வரி விலக்கே அவமானம் என்று எழுதுகிறார்கள். அது சரியல்ல. ஊர்நத்தத்துக்கும்தான் வரி இல்லை. நாம் பார்க்க வேண்டியது, ஊர் வேறு சேரி வேறு, பிணம் எரிக்கிற இடமும் வேறு என்பது அரசாங்கக் கணக்கில் எந்தத் தயக்கமும் இல்லாமல் ஏறியிருப்பதை. ஆயிரம் ஆண்டாக அது சுவரில் இருக்கிறது. யார் வேண்டுமானாலும் போய்ப் பார்க்கலாம்.

பார்த்ததைச் சொன்னால் என்ன ஆகும் என்பதும் தெரிந்ததே. 2019 ஜூனில் திருப்பனந்தாளில் நடந்த கூட்டத்தில் இயக்குநர் பா. ரஞ்சித், ராஜராஜன் காலத்தில் நம் நிலம் பறிபோனது என்று பேசியதற்கு வழக்குப் பதிந்தார்கள். பிறகு உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. அவர் சொன்னதோடு உடன்படுவதும் மறுப்பதும் வரலாற்று விவாதம். ராணிக்குப் பிறக்காத மகனைப் பிறக்கவைத்த நாவலுக்கு யாரும் வழக்குப் போடவில்லை. போடவும் கூடாது.

காட்டுமன்னார்கோயிலைப் பற்றி இன்னும் ஒன்று. நாவல் தொடங்குவதே அங்கேதான். ஆடிப்பெருக்கன்று வீரநாராயண ஏரிக்கரையில் வந்தியத்தேவன் குதிரையில் வருகிறான். திருநாளைப்போவார் என்ற நந்தனார் பிறந்த ஆதனூரும் அந்த வட்டாரம்தான் என்பார்கள். கண்டராதித்தர் பாடிய அதே தில்லைக்குள் கால் வைக்க நந்தனார் தீக்குள் இறங்கவேண்டியிருந்தது என்கிறது பெரியபுராணம். எல். இளையபெருமாளும் காட்டுமன்னார்கோயில்காரர். பள்ளிக்கூடத்தில் நம் பிள்ளைகளுக்கென்று வைத்திருந்த தனிப் பானையைச் சிறுவயதில் உடைத்தவர் என்று அவரைப் பற்றிச் சொல்வார்கள். 1950 ஜனவரியில் தீண்டாமையை ஒழிக்கும் 17ஆவது பிரிவோடு அரசியல் சட்டம் வந்தது, அக்டோபரில் கல்கியின் தொடர் வந்தது, 1952-ல் இளையபெருமாள் மக்களவைக்குப் போனார். தீண்டாமை நாடு முழுக்க எப்படி நடக்கிறது என்று அவர் தலைமையிலான குழு 1969-ல் அறிக்கை கொடுத்தது. வீரநாராயண ஏரியைத் தமிழ்நாட்டில் எல்லாருக்கும் தெரியும். அந்த அறிக்கையைப் படித்தவர்கள் எங்கள் வாசிப்பு வட்டத்தில் இரண்டு பேர்.

பிளெக்ஸ் ஊருக்குத் திரும்புவோம். போன மாதம் நாங்களும் பெரியவர்களோடு திருப்பணிக் குழுவைப் பார்க்கப் போனோம். செம்பியன் மாதேவி காலத்திலிருந்தே இது இப்படித்தான், வழிவழியாக வரும் வழக்கத்தை மாற்ற முடியாது என்றார் ஒருவர். எங்களில் ஒருவர், அந்த அம்மா இந்த ஊருக்கு வந்ததே இல்லையே என்றார். "படம் பாக்கலையா நீங்க" என்று பதில் வந்தது. அவர் விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

உபயதாரர் பெயர்களைப் பொறிக்க மண்டபத்தில் கருங்கல் பலகை ஒன்று சாய்த்து வைத்திருந்தார்கள். பளபளப்பாக்கியது, ஆள் உயரம். கிருஷ்ணகிரி மாவட்டக் கல்தான். சேரிப் பெரியவர்களில் ஒருவர் முப்பது ஆண்டு கல்குவாரியில் வேலை பார்த்தவர். பலகையை விரலால் தட்டிப் பார்த்துவிட்டு, நல்ல கல், விரிசல் இல்லை என்றார். பெயர்ப் பட்டியல் இன்னும் முடிவாகவில்லை, தை மாதத்துக்குள் வெட்ட வேண்டும் என்றார்கள். 43 தலைக்கட்டின் பெயரையும் தனித்தாளில் எழுதி, தொகை 21,500 ரூபாய் என்று குறித்து, கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுத்துவிட்டு வந்திருக்கிறோம். நகல் எங்களிடம் இருக்கிறது.